காற்றுப்பை இருந்த இடம்

ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப். என் மகள் ஓட்டிய பெரிய அமெரிக்கக் கார் இங்கே நிற்கிறது. மோதினால் மடங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படி அதன் நீண்ட முன்பக்கத்தை வடிவமைத்திருக்கிறார்கள், அப்படியே மடங்கியிருக்கிறது. அதே கணத்தில் ஸ்டீயரிங்கிலிருந்து காற்றுப்பை விரிந்திருக்க வேண்டும். விரியவில்லை. மகள் தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

ராமநாதபுரத்துக்கார மெக்கானிக் ஸ்டீயரிங் மூடியைக் கழற்றுகிறார். உள்ளே பழைய துணியைச் சுருட்டி அடைத்திருக்கிறார்கள்.

"அமெரிக்காவுலயே அடிபட்ட வண்டி இது, அக்கா. ஏலத்துல எடுத்து, இங்க கொண்டாந்து நெளிசலத் தட்டி நிமித்தி விப்பாங்க. வெடிச்ச காத்துப்பைக்குப் பதிலாப் புதுசு போட மாட்டாங்க, மூடி மட்டுந்தான்."

"எச்சரிக்கை லைட் எரியாதா?"

"அதையும் அணைச்சு வச்சிருவாங்க."

டீ விலையைச் சொல்வதுபோலச் சொல்கிறார்.

"விடுங்கக்கா. நானே தட்டி, புது மூடி போட்டு வித்துத் தர்றேன்."

"யாரு வாங்குவாங்க?"

"ஊருக்குப் புதுசா வந்தவங்க யாராச்சும்."

என் மகள் இங்கே வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொள்கிறேன்.

"வண்டிய நசுக்குற இடம் எங்க இருக்கு? அங்க இழுத்துட்டுப் போங்க. நானும் கூட வர்றேன்."