பேணிக்குள் பதினொரு பிளக்

படகு இயந்திரத்தை ஓடவிடாமல் செய்ய எத்தனை வழிகள் என்று கேட்டால், பொறியியல் படித்தவள் என்ற முறையில் இன்று ஏழெட்டுச் சொல்வேன். ஒன்பது வயதில் எனக்கு ஒரே வழிதான் தெரியும்: தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி என்னிடம் தந்துவிட வேண்டும்.

வாடைக்காற்று தொடங்கும் மாதம், ஒரு சனிக்கிழமை. பருத்தித்துறைக்குக் கிழக்கே எங்கள் கரை. விடியப் போன படகுகள் காற்று எழும்பியதும் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒன்று மட்டும் வரவில்லை. அது பெரியப்பாவின் படகு. அதில் நான் அண்ணை என்று கூப்பிடும் அவருடைய ஒரே மகனும் இன்னொரு பெடியனும் போயிருந்தார்கள். தொலைபேசி எடுத்தால் தொடர்பில்லை.

பெரியப்பாதான் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். கரைக்கு முன்னால் முருகைக்கற்பார், நீருக்குள் நீளக் கிடக்கும் பவளப்பாறை. அதை வெட்டித் திறந்த ஒடுங்கிய வழியால்தான் படகு வெளியே போகலாம். அன்று அலை அந்த வழியிலேயே உடைந்துகொண்டிருந்தது. ஆனாலும் இளைஞர்கள் மூன்று படகுகளைத் தள்ளத் தயாராக நின்றார்கள்.

பெரியப்பா படகு படகாகப் போய் இயந்திரத்தின் பிளக்கைக் கழற்றத் தொடங்கினார். பின்னால் பால்மாத் தகரப் பேணியோடு நான். ஒவ்வொன்றையும் கொப்பித் தாளில் சுற்றி, இலக்கமும் படகுக்காரர் பெயரும் எழுதினேன். மொத்தம் பதினொன்று. கரையில் நின்ற அவருடைய மற்றப் படகின் பிளக்கும் அதற்குள் இருந்தது.

"ஆர் கேட்டாலும் குடுக்கக் கூடாது. விளங்குதே பிள்ளை?"

"ஓம் பெரியப்பா."

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "பெத்த பிள்ளை கடலுக்குள்ளை. இந்த மனுசன் பிளக் கழட்டித் திரியுது. தலைவராம்."

"இப்ப தேட ஒரு படகுதான்," என்றார் பெரியப்பா. "நீங்களும் போனால் நாலு படகு. பிறகு ஆர் ஆரைத் தேடுறது? காத்து விழுமட்டும் ஒராளும் போகக் கூடாது."

கடலைக் கவனிக்கத் தேவாலயக் கோபுரத்தில் இருவரை ஏற்றினார். மேற்கே உள்ள கரைகளுக்குத் தொலைபேசியில் சொல்லச் சொன்னார். திரும்பி வந்தவர்களிடம், கடைசியாக எங்கே கண்டீர்கள் என்று தனித்தனியே கேட்டார். சேர்த்துக் கேட்டால் முதல் ஆள் சொன்னதையே எல்லோரும் சொல்வார்களாம்.

நான் வலை வைக்கும் கொட்டிலில் பேணியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். சித்தப்பா மெல்ல வந்தார்.

"ஐஸ்கிறீம் வேண்டித் தாறன். என்ரை பிளக்கைத் தா."

"எந்த ஐஸ்கிறீம்?"

"நீ சொல்லுறது."

கொஞ்சம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றேன்.

அதன்பின் பெரியப்பா வந்தார், தனியாக. காற்று அப்படியேதான் இருந்தது.

"பிள்ளை, எங்கடை பிளக்கை எடு."

"ஆர் கேட்டாலும் குடுக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நான் ஒராள்தானே போறன்."

"ஒராளும் போகக் கூடாதெண்டும் சொன்னனீங்கள்."

அவர் கடலைப் பார்த்தார். பிறகு, "ஓம். சொன்னனான்தான்," என்றார். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டு, கரையில் நின்றவர்களிடம் திரும்பிப் போனார்.

இரண்டு மணிபோல் காற்று விழுந்தது. மேற்கே இரண்டு ஊர் தள்ளி, பாருக்கு வெளியே ஒரு படகு நங்கூரம் போட்டு நிற்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். பெரியப்பா மூன்று படகுகளைத்தான் அனுப்பினார். முதலில் கூப்பிட்டது சித்தப்பாவை. நான் பெயர் வாசித்துப் பிளக் கொடுத்தேன்.

நாலரைக்குப் பழுதான படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். அண்ணை இறங்கியதும் கேட்டது, "சாப்பிட என்ன இருக்கு?"

"முதல் என்ஜினுக்கு என்ன நடந்ததெண்டு சொல்லு," என்றார் பெரியப்பா. மகனின் தோளில் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

அன்று மாலை பெரியப்பா வீட்டில் மீன்குழம்பும் பாணும். நான் எல்லோருக்கும் முன்னால் என் கடமைகளை வரிசையாக அறிவித்தேன். இலக்கம் போட்டது. சித்தப்பாவின் ஐஸ்கிறீமை மறுத்தது. கடைசியில், பெரியப்பாவே சோதிக்க வந்தும் ஏமாறாதது.

"உன்னட்டையோ வந்து கேட்டவர்?" என்றார் சித்தப்பா.

"ஓம். பரீட்சை வைச்சவர். நான் பாஸ்."

வீடே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்து, "கெட்டிக்காரி," என்றார். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

அந்தப் பரீட்சை எனக்கு வைத்தது என்றே பல வருடங்கள் நினைத்திருந்தேன்.