வட்டை விதானையாரின் களைப்பு

பூபாலப்பிள்ளைக்கு முதன்முதலில் சிறுநீரில் இரத்தம் போனது பெரும்போக அறுவடை நேரத்தில். அவர் அதைச் சூடு என்றார். வயல்காரர் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். பகல் முழுக்க வெயிலில் நின்று, தண்ணீர் குடிக்க மறந்து, மாலையில் சிவந்து போனால் அது சூடு. செவ்விளநீர் குடித்தார், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார், தலைக்கு நல்லெண்ணெய் வைத்தார். இரத்தம் நின்றது. வலி எதுவும் இருக்கவில்லை. வலியில்லாமல் வந்து தானாக நின்றுபோனதை யார் பிறகு நினைத்துப் பார்க்கிறார்கள்?

சிறுபோகத்துக்கு வயல் உழும்போது அது திரும்ப வந்தது. இந்த முறை மனைவி கண்ணகை அவருடைய சாரனைத் துவைக்கும்போது கண்டுவிட்டாள். கண்டதும் என் வீட்டுக்கு வந்தாள். நான் பூபாலப்பிள்ளைக்கு மாமி மகள், அவரைவிட மூத்தவள். நோயாளி பராமரிப்பில் பயிற்சி எடுத்து, அதையே தொழிலாகச் செய்து ஓய்ந்தவள். அதனால் ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கையில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் என் வாசல் படலையில்தான் சத்தம் கேட்கும்.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கமெரா விட்டுப் பார்த்தார்கள். சலப்பையில், அதாவது சிறுநீர்ப்பையில், கட்டி. உள்ளே கருவி விட்டுச் சுரண்டி எடுத்து அனுப்பினார்கள். புற்றுநோய் என்று முடிவு வந்தது, சலப்பையின் தசைக்குள்ளும் இறங்கியிருந்தது. இளவயதிலிருந்து பீடி குடித்தீர்களா என்று கேட்டார்கள். ஓம் என்றார். முதலில் சேலைன் வழியாக மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்குவது, பிறகு சத்திர சிகிச்சையா கதிர் சிகிச்சையா என்று பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். இடையில் நிறுத்தினால் ஏற்றியதெல்லாம் வீண் என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள்.

பூபாலப்பிள்ளை யாரென்று இங்கே சொல்லவேண்டும். அவர் வட்டை விதானையார். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்கும் வயல்கள் எல்லாம் சேர்ந்த வெளி. அந்த வெளிக்கு யார் எப்போது விதைப்பது, எந்த மதகை எப்போது திறப்பது, யாருடைய மாடு யாருடைய பயிரை மேய்ந்தது என்பதையெல்லாம் பார்க்க வயல்காரர்கள் கூடித் தெரிவு செய்கிற ஆள் விதானையார். இவருடைய வட்டை வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில். மண்முனைப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் போய் வருவார். ஒவ்வொரு வருடமும் கூட்டத்தில் இவர் பெயரைத்தான் சொல்வார்கள். காரணம், இவர் நடப்பார். வரம்பு வரம்பாக நடந்து பார்க்காமல் எதையும் தீர்க்கமாட்டார்.

மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு அந்த நடை போயிற்று. கிணற்றடியில் வாளியைப் பாதிக்கு இழுத்துவிட்டு, மீதியை இழுக்கவும் முடியாமல், கயிற்றை விடவும் முடியாமல் நின்றதை நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். வேலை செய்து வரும் அலுப்பு வேறு, இது வேறு. அந்த அலுப்பு படுத்தெழும்பினால் போய்விடும். இது படுத்தெழும்பினாலும் பக்கத்திலேயே எழும்பி உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்களுக்கு ஆள் சும்மா கிடக்கிறது மாதிரித்தான் தெரியும். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் நெற்கதிர் சூடடிக்கும் களமான களவெட்டியில் நின்றுகொண்டு "இல்லை", "குறைஞ்சிட்டு", "ஏலாது" என்று யாரும் சொல்லமாட்டார்கள். நெல்லைக் கொண்டுபோகக் காத்திருக்கிற பூதத்துக்கு அது கேட்டுவிடும் என்பது நம்பிக்கை. எதைக் கேட்டாலும் பொலி, பெருகுது என்றுதான் பதில்; நெற்குவியலுக்கும் பொலி என்றுதான் பெயர். இப்போது மெஷின் வந்து ஒரே பின்னேரத்தில் வெட்டி, அடித்து, கொட்டிவிட்டுப் போகிறது. பூதத்துக்கும் வேலை போய்விட்டது. பூபாலப்பிள்ளையின் நாக்குக்கு மட்டும் அது இன்னும் தெரியாது. வாழ்நாள் முழுக்க அவர் "ஏலாது" என்று சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

ஆரையம்பதியில் ஒருவருக்கு நோய் வருத்தமென்றால் பார்க்கப் போகாமல் இருப்பது பகை. விதானையாருக்கு என்றால் வட்டை முழுக்க வரும். மாரி பிஸ்கட்டும் மால்ட் டின்னுமாக வந்துகொண்டே இருந்தார்கள். படலைச் சத்தம் கேட்டால் இவர் எழும்பி, சேட் போட்டு, தலையைச் சீப்பால் இழுத்து, கதிரையில் நிமிர்ந்து உட்காருவார்.

"எப்பிடி விதானையார்?"

"நல்லம், நல்லம். இருங்க. கண்ணகை, பிளேன்ரீ கொண்டா."

அவர்கள் போனதும் சேட்டைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே சரிந்துவிடுவார். கிளினிக்கிலும் இதே கதை. டொக்டர் முப்லிஹா ஏறாவூர்ப் பிள்ளை, நிதானமாகக் கேட்பவர். "களைப்பு எப்படி ஐயா?" என்று அவர் கேட்க, "நல்லம் டொக்டர்" என்பார். நம்பாமல் என்ன செய்வார்? வந்திருப்பவர் சேட் மடிப்புக் கலையாமல் நிமிர்ந்து இருக்கிறார்.

ஒரு நாள் காலையில் உடம்பு கொஞ்சம் லேசாக இருந்தது. அன்றுதானா பிரதீஸ் போன் எடுக்கவேண்டும்? பிரதீஸுக்கு வட்டையின் கடைசியில் வயல். மேல் வயல்காரர்கள் வாய்க்காலை மறித்துவிட்டார்கள், தன் பயிர் வாடுகிறது என்றான். இவர் கண்ணகைக்குச் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துப் பாலத்தால் போய்விட்டார். மதகிலிருந்து கடைசி வயல் வரை நடந்தார். மறிப்பை உடைத்தார். இரண்டு பேரை ஏசினார். பிறகு வரம்பில் குந்தினார், எழும்பவில்லை. பிரதீஸ் அவரைத் தன் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் பசளை உரப் பைகளுக்கு மேல் படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். பின்னால் இன்னொருவன் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தான். ஒழுங்கை முழுக்கப் பார்த்தது.

அன்று பின்னேரம் நான் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"என்ன மச்சான், பசளையோட பசளையா வந்தியாமே?"

சிரிக்கவில்லை. "மச்சாள், நான் இனி மருந்தேத்தப் போகமாட்டன்."

"ஏன்?"

"மருந்தேத்த முந்தி நடந்து திரிஞ்சன். ஏத்தினாப் பிறகு கிடக்கன். மறுகா எது என்னைக் கொல்லுதெண்டு நீங்களே சொல்லுங்க."

கண்ணகை கதவடியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"அழாதகா, போய்ச் சோத்தப் போடு" என்றேன் அவளிடம். பிறகு அவரிடம், "நீ கிடக்கிறதை டொக்டரிட்டச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"கேட்டவ. நல்லமெண்டன்."

"அவக்குப் பொய்யைச் சொல்லிப்போட்டு மருந்தில பிழை சொல்லுற."

"பொய் சொல்லோணுமெண்டு சொல்லயில்ல. மத்தது வாயில வருகுதில்ல."

சோறு வந்தது. பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. வெள்ளைச் சோறும் தண்ணி மாதிரி ஒரு சொதியும். மீன் இல்லை, முட்டை இல்லை.

"என்ன கண்ணகை இது?"

"பத்தியம் அக்கா. றால், நண்டு, முட்டையெல்லாம் கிரந்தியாமே. கட்டி வளருமெண்டு வாற சனமெல்லாம் சொல்லுது."

"டொக்டர் சொன்னதா?"

"இல்ல."

"மறுகா என்ன? பிஸ்கட் கொண்டு வாற சனத்துக்கு வைத்தியமும் தெரியுமா? நாளைக்கு ஒட்டி மீன் வாங்கி ஆக்கு. முட்டை அவி. கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடு, ஒரேயடியா நிரப்பாத."

தண்ணீரும் அப்படித்தான். அடிக்கடி கழிக்கவேண்டி வருகிறது, கக்கூசோ வளவின் பின்பக்கம். அதனால் மனுசன் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். சலப்பையில் நோயை வைத்துக்கொண்டு, இந்த மருந்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் குறைப்பதைவிடப் பெரிய பிழை வேறில்லை. என்னிடமிருந்த சிறுநீர்ப் போத்தலைக் கொண்டுபோய்க் கட்டிலடியில் வைத்தேன். வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே பாவிக்கலாம் என்றேன்.

இவையெல்லாம் செய்யக்கூடியவை, செய்தோம். மருந்தேற்றப் போகமாட்டேன் என்றதைத்தான் அசைக்க முடியவில்லை. மகள் தக்ஷாயினி கொழும்பிலிருந்து போனில் கெஞ்சினாள். "பாப்பம்" என்றார். அவருடைய "பாப்பம்" இல்லை என்பதற்கு மறுபெயர். நான் போய் டொக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பூபாலப்பிள்ளை, மச்சாள் மிகைப்படுத்துகிறாள் என்று சேட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்திருப்பார்.

அடுத்த நாள் பிரதீஸ் தண்ணீர் விசயம் பேச வந்தான். குளத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது, கூட்டத்தில் என்ன சொல்வது என்று கேட்டான்.

"உள்ளதைச் சொல்லு" என்றார் விதானையார், படுத்தபடியே. "பாதிதான் கிடக்கெண்டு சொல்லு. கூட்டிச் சொல்லாத. கூட்டிச் சொன்னா எல்லாரும் திறந்து வச்சிருப்பானுகள், கடைசி வயல் கருகும். உன்ட வயல்தான் கடைசி."

"சனம் ஏசும் ஐயா."

"ஏசட்டும். முறை வை. இண்டைக்கு மேல் பக்கம், நாளைக்குக் கீழ்ப் பக்கம். முறையில்லாத நாளில ஆர் வந்து கேட்டாலும் மதகு பூட்டு."

நான் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். "அக்கரையில நல்ல விதானைதான்" என்றேன். "இஞ்ச எல்லா மதகும் திறந்து கிடக்கு."

பிரதீஸ் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அவன் போன பிறகு கண்ணகையைக் கூப்பிட்டார்.

"இனி காலையில மட்டும் ஆக்களை விடு. சாப்பிட்டாப் பிறகு ஆரெண்டாலும் வேண்டாம்."

"உங்கட சித்தப்பா மகன் வந்தா?"

"அவன் வந்தா ரெட்டைப் பூட்டுப் போடு. அவன் கதைச்சா நான் மூணு நாளைக்கு எழும்பமாட்டன்."

கிளினிக் நாள் வந்தது. போகிறாரா என்று நாங்கள் கேட்கவில்லை. கண்ணகை முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டாள், அவர் ஏறினார். மருந்தேற்ற இல்லை, சொல்லிவிட்டு வரத்தான் போகிறேன் என்றார் வழியில். எதைச் சொல்ல என்று நான் கேட்கவில்லை.

"எப்படி ஐயா இரிக்கீங்க?" என்றார் டொக்டர் முப்லிஹா.

"நல்லம் டொக்டர்."

கண்ணகை வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அமர்த்தினேன். டொக்டர் எழுதத் தொடங்கினார். பூபாலப்பிள்ளை அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறுங்க டொக்டர், அதை எழுதாதீங்க. நான் கூட்டிச் சொல்லிப்போட்டன்."

டொக்டர் நிமிர்ந்தார்.

"பாதிதான் கிடக்கு. பாதியுமில்ல. கிணத்தடிக்குப் போனா இருந்துதான் திரும்பி வாறன். சேட் போட்டா அலுப்பு. பல்லு விளக்கினா அலுப்பு. வரம்பில விழுந்து என்னை மூடை மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தவங்க. இதுக்கு மேல ஏத்தினா நான் முடிஞ்சிருவனெண்டு விட்டுட்டுப் போக நினைச்சன்."

"இதை ஏன் ஐயா முதலே சொல்லல்ல?"

"எங்கட வாயில அது வாறதில்ல."

டொக்டர் முப்லிஹா வியக்கவுமில்லை, ஏசவுமில்லை. பேனையை வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். நித்திரை, சாப்பாடு, தண்ணீர், மூச்சு, மனம். இரத்தம் எடுத்துப் பார்த்தால் மிகவும் குறைந்திருந்தது. அன்று மருந்து ஏற்றவில்லை. வார்ட்டில் வைத்து இரத்தம் ஏற்றினார்கள். உடம்பு தேறியதும் மருந்தைத் தொடரலாம், அளவையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"களைப்பும் நாங்க மருந்து பாக்கிற விசயம்தான் ஐயா. சொன்னாத்தான் பாக்கலாம்."

"அப்ப ஏத்துங்க" என்றார் பூபாலப்பிள்ளை.

களைப்பு போய்விடவில்லை. மருந்து ஏற்றிய பிறகு வரும் நாட்களில் அவர் கிடக்கத்தான் செய்தார். ஆனால் இப்போது அது முறையோடு கிடந்தது. காலையில் வெயில் ஏற முன் வாவிக்கரை வரை மெதுவாக நடை. விழுமுன் உட்காருவது, விழுந்த பிறகு அல்ல. குளிப்பது கதிரையில் இருந்து. லேசான நாள் வந்தால் அதையும் முழுக்கச் செலவழிக்காமல் கொஞ்சம் மிச்சம் பிடிப்பது. இதுதான் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. கண்ணகை படலையில் நின்று, "விதானையாருக்கு இப்ப மதகு பூட்டு, காலையில வாங்க" என்று சொல்லப் பழகினாள். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். பிஸ்கட்டை மட்டும் வாங்கி வைத்தாள்.

ஆவணியில் அறுவடை. விதானையார் வராமல் மெஷினை இறக்கமாட்டோம் என்று வட்டையில் சொல்லிவிட்டார்கள். டொக்டரிடம் கேட்டு, நிழலில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு நானும் கண்ணகையும் கூடப் போனோம். லேண்ட்மாஸ்டர் பெட்டியில் இந்த முறை பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்து வந்தார். மெஷின் நெல்லை விரித்த படங்குத் தார்ப்பாயில் கொட்டிக்கொண்டிருந்தது. வயல்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

இரண்டு பேருக்கு எல்லையில் தகராறு. பிரதீஸ் வந்து கேட்டான்: "ஐயா, அந்தத் தலைப்பு வரம்பு வரைக்கும் நடந்து வந்து காட்டேலுமா?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நெல் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏலாது" என்றார் பூபாலப்பிள்ளை.

ஒரு கிழவர் பதறினார். "விதானையார்! பொலிக்கு முன்னால நிண்டுகொண்டு..."

"நெல்லைச் சொல்லயில்ல, என்னைச் சொன்னன். நெல் பொலியுது. பிரதீஸ், என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிற? கதிரையோட தூக்குங்கடா."

நாலு பேர் கதிரையின் நாலு காலையும் பிடித்துத் தூக்கினார்கள். வரம்பு ஒடுக்கம், இரண்டு பேர் வயலுக்குள் இறங்கி நடந்தார்கள். அவர் மேலே இருந்தபடி, இடப்பக்கம் சரிகிறது, நேராகப் பிடியுங்கள் என்று ஏசிக்கொண்டு போனார். கண்ணகை தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் ஓடினாள்.