டொபி மெசினுக்கு ஒரு பாஸ்

என் வீட்டுக்காரர் அந்த இரும்புப் பெட்டியைக் கடை மேசையில் வைத்ததும், இது யாருடைய சாமான் என்றுதான் முதலில் கேட்டேன். ஸ்பிரிங்வெளிப் பக்கம் தோட்டத் துரைமார் கூடும் கிளப்பை மூடுகிறார்கள், பழைய தட்டுமுட்டுகளை விற்கிறார்கள், வாங்கி வந்தேன் என்றார். அந்தக் கிளப்புக்குப் பல வருடம் எங்கள் பேக்கரிப் பாண் கொடுத்தவர் அவர். இருந்தாலும் நான் ஆளனுப்பி விசாரித்தேன். சொன்னது உண்மைதான்.

என் குணம் அப்படி. பதுளை பஜாரில் பேக்கரி நடத்துகிறவள், யார் நீட்டிய நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் காசு லாச்சியில் போடமாட்டாள்.

பெட்டி மண்ணெண்ணெய்த் தகரம் உயரம் இருந்தது. வார்ப்பிரும்பு. முன்னால் கண்ணாடி, அதற்குப் பின்னால் டொபி மிட்டாய்ப் பொட்டலங்களை அடுக்கும் குழாய். காசு போட்டு, கீழேயுள்ள சின்ன இழுப்பறையை இழுத்தால் ஒரு பொட்டலம் விழவேண்டும். ஆனால் உள்ளே வில் ஒடிந்து, பற்சக்கரம் தேய்ந்து போயிருந்தது. காசு போடும் வாய், வெள்ளைக்காரன் காலத்துக் காசுக்கு வெட்டியது. அதை இரண்டு ரூபாய்க் காசுக்கு மாற்றி ஓடவைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடையை மொய்ப்பார்கள் என்று வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது.

செய்யத் தெரிந்த ஆள்தான் இல்லை. எங்கள் பக்கத்தில் மேசன், தச்சர், வெல்டிங்காரர் எல்லாரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பாஸ்மாருக்குக் குறைவில்லை. இரும்புக் கேட்டும் கிரில்லும் அடிக்கிற பாஸிடம் இதைக் கொடுத்தால் இதுவும் கேட்டாகத்தான் திரும்பி வரும்.

வீட்டுக்காரரால் விடியற்காலை அடுப்பை விட்டு அசையமுடியாது என்பதால் நான்தான் அலைந்தேன். பண்டாரவளையில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பெட்டியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். போய் இறங்கியபோது தொடை இரண்டும் மரத்துவிட்டன. அந்தப் பட்டறைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வைத்துவிட்டுப் போங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார். திறந்து பார்க்காதவர் எப்படி ஒரு மாதம் என்று கணக்குச் சொல்கிறார்? பெட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது, யுத்த காலம். தமிழ்ப் பெண், மடியில் சாக்கு, சாக்குக்குள் இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் வில்லும் கம்பியும். என்னை மட்டும் இறக்கினார்கள். இது டொபி கொடுக்கும் மெசின் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அப்படியானால் காட்டு என்றார் ஒருவர். காசைப் போட்டேன். இழுத்தேன். ஒன்றும் விழவில்லை. பிறகு பெட்டியைத் தூரத்தில் வைக்கச் சொல்லி, யாரையோ கூப்பிட்டு, ஒவ்வொரு திருகாகக் கழற்றவைத்துத்தான் என்னை விட்டார்கள். பஸ் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இனி இந்தப் பெட்டியைப் பதுளையை விட்டு வெளியே கொண்டுபோவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதனால்தான் பசறை ரோட்டில், டயர்க்கடைக்குப் பின்னால் இருந்த பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பாஸ் முன்பு ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெசின் பூட்டும் பிட்டராக இருந்தவர். ஏன் விலகினார் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவரிடமே கேட்டேன். ஒத்துவரவில்லை என்றார். பேசும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பெட்டியை மட்டும் அரைமணி நேரம் பார்த்தார். கழற்றினார், சேர்த்தார், இழுப்பறையைக் காதோடு வைத்து ஆட்டிக் கேட்டார். வேலை தெரிந்தவர் என்பது புரிந்தது. ஆளை நம்பலாமா என்பது புரியவில்லை.

பெட்டியை விட்டுவருமுன், அவர் பார்க்காத நேரத்தில் இழுப்பறைக்கு அடியிலும் கதவின் உட்புறத்திலும் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தேன். சாமானை மாற்றினால் தெரிந்துவிடும் அல்லவா.

வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். போகும்போதெல்லாம் பட்டறை மூலையில் ஏதோ ஒன்று சாக்குப் போட்டு மூடியிருந்தது. ஒருநாள் இழுப்பறையைப் புரட்டிப் பார்த்தேன். பொட்டைக் காணோம். பெயின்ட் அடிக்கிறதுக்காகப் பெட்ரோல் போட்டுக் கழுவினேன் என்றார். நியாயமான பதில்தான். பொட்டைப் பற்றி நான் கேட்கவே இல்லை என்பது வழியில்தான் உறைத்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஒனக்கு சூரியன் உதிச்சாலும் சந்தேகம்தான்."

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்குப் போனேன். பாஸ் வெளியே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் நேராக மூலைக்குப் போய்ச் சாக்கைத் தூக்கினேன். அங்கே ஒரு டொபி மெசின். வேலை மேசையில் இன்னொரு டொபி மெசின். இரண்டும் ஒரே பச்சை. ஒரே கண்ணாடி. மேலே இருந்த பூ வேலைப்பாடுகூட ஒன்றுபோலவே இருந்தது. கோபத்துக்கு முன்னால் எனக்கு மலைப்புத்தான் வந்தது.

பாஸ் ஓடிவந்தார். எல்ல ஊர்ப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் ஒருவர் பழைய சாமான் கேட்டார், அவருக்காக உங்களுடையதைப் பார்த்து ஒன்று செய்தேன் என்றார்.

"இதுல என்னோடது எது, பாஸ்?"

"மேசையில இருக்கிறதுங்க, அக்கா."

மேசையில் இருந்ததைத் தூக்கினேன். ஒரு கையில் வந்துவிட்டது. பண்டாரவளை வரைக்கும் மடியில் சுமந்த பாரம் என் உடம்புக்குத் தெரியும்.

"இலேசா இருக்கே."

"துரு எல்லாம் போயிருச்சுங்களே, அதாங்க."

நான் மூலையில் இருந்ததைத் தூக்கப் பார்த்தேன். தரையை விட்டு எழும்பவே சிரமப்பட்டது. அவர் தலை குனிந்தார்.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "புதுசு நல்லா ஓடும்க்கா. பழசு மக்கர் பண்ணும். கடைக்கு ஓடுறதுதானே வேணும். கெஸ்ட் ஹவுஸ்காரங்களுக்கு அலுமாரி மேல வைக்கத்தான்."

சோதித்துப் பார்த்தேன். புதியது ஒவ்வொரு காசுக்கும் தவறாமல் இழுபட்டது. பழையது இரண்டு காசை விழுங்கிவிட்டு அப்படியே நின்றது. பொய் சொன்ன அதே வாயால் உண்மையும் சொல்லியிருக்கிறார்.

பொலிசுக்குப் போகலாமா என்று நினைத்தேன். சோதனைச் சாவடி நினைவுக்கு வந்தது. இரும்புப் பெட்டியோடு இன்னொருமுறை காக்கிச்சட்டைக்கு முன்னால் நிற்க எனக்குத் தெம்பில்லை. அதைவிட, இவரைத் தவிர இந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை.

புதியதின் உள்சாமானை எல்லாம் கழற்றிப் பழையதற்குள் பூட்டச் சொன்னேன். பழையதின் உள்சாமான் அந்த கெஸ்ட் ஹவுஸ் பெட்டிக்குப் போகட்டும், அலுமாரி மேல் இருக்கிறதற்கு ஓட்டம் எதற்கு என்றேன். அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு திருப்புளியை எடுத்தார். ஒரு தகரப் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு, பொழுது சாயும்வரை அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுத்தமான வேலை. ஒரு திருகைக்கூட இரண்டாவது தடவை தொடவில்லை.

ஆட்டோவில் ஏற்றும்போது பாரத்தை இன்னொருமுறை தூக்கிப் பார்த்துக்கொண்டேன்.

மெசின் கடையில் பல வருடம் ஓடியது. பிள்ளைகள் காசுக்குப் பதிலாகக் காசுபோல் தட்டிய தகரத்தைப் போட்டு ஏமாற்றப் பார்த்தார்கள். அது ஒன்றுக்கும் அசையவில்லை. கிளப்பில் கிடந்தபோதுகூட அது இவ்வளவு கறாராக இருந்திருக்காது.

அடுப்புக் கதவு உடைந்தபோதும், மாவு பிசையும் மெசின் தட்டு வெடித்தபோதும் அதே பாஸைத்தான் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் ஏதாவது ஒரு துண்டு இரும்பைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்பார். கூடாது, என் கண்முன்னாலேயே செய்யுங்கள் என்பேன்.