பிரதோஷ நாளில் குழலி தொலைந்ததும் கிடைத்ததும்

அடியார் பெருமக்களுக்கு வணக்கம். இறைவன் எனக்குச் செய்த உதவியைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அதற்கு முன் என் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். குற்றத்தை மறைத்துவிட்டு உதவியை மட்டும் சொன்னால் அது தற்பெருமையாகிவிடும்.

என் மகள் வயிற்றுப் பேத்தி பூங்குழலிக்குப் பன்னிரண்டு வயது. எழுத்துகள் அவளுக்கு இன்னும் வசப்படவில்லை. பயம் வந்துவிட்டால் கையில் கிடைத்ததை வீசுவாள். அல்லது ஒரு சொல்லும் சொல்லாமல் ஓடிவிடுவாள். இரண்டு பள்ளிகள் அவளை வைத்துக்கொள்ள முடியாதென்று அனுப்பிவிட்டன. மூன்றாவதாகக் கிடைத்தது, ஓசூர் ரோட்டை ஒட்டிய தெருவில் இவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நடக்கும் ஒரு சிறப்புப் பள்ளி. இதுவும் கைவிட்டால் வேறு இடமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். என் மகள் வேலைக்குப் போகிறவள். ஆகவே மாலையில் குழலியை அழைத்துவரும் பொறுப்பு என்னுடையது.

அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நீளமான அட்டை உண்டு. அன்றைய வேலைகள் அதில் படங்களாக வரிசையில் ஒட்டப்பட்டிருக்கும். ஒன்று முடிந்ததும் பிள்ளையே அந்தப் படத்தை எடுத்து டப்பாவில் போட வேண்டும். குழலியின் அட்டையில் கடைசிப் படம் என் புகைப்படம். நான் வகுப்பு வாசல்வரை போய் நிற்க வேண்டும். அவள் அதை எடுத்து என் கையில் தர வேண்டும். பிறகு நான் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

“அவளா எடுக்கட்டும் சார், அவசரப்படுத்தாதீங்க” என்று அவளுடைய ஆசிரியை முதல் நாளே சொல்லியிருந்தார். “அந்தப் படம் உங்க கைக்கு வந்தாத்தான் அவளுக்கு இன்னிக்கு முடிஞ்சுதுன்னு அர்த்தம்.”

சில நாள் அதற்கு இருபது நிமிடம் ஆகும். மற்ற நாட்களில் பொறுத்துக்கொண்டேன். பிரதோஷ நாட்களில் பொறுமை இருக்கவில்லை. எங்கள் கோயிலில் பிரதோஷ அபிஷேகத்தின்போது பதிகம் பாடுபவன் நான். குழலியைப் பக்கத்து வீட்டம்மாளின் துணையில் வீட்டில் விட்டுவிட்டு நேரத்துக்குக் கோயில் சேர வேண்டும்.

வாயிற்காவலர் முனுசாமி கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர். அவருடைய தகப்பனார் சுரங்கத்தில் வேலை செய்தவர். அவரிடம் சொன்னேன்: “பிரதோஷத்தன்னைக்கு மட்டும் பொண்ணைக் கொஞ்சம் முன்னாடியே கேட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுப்பா. அங்க பாட ஆளில்லாம நின்னுடும்.”

“மேடம் பாத்தா என் தோல உரிச்சுடுவாங்க சாமி” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, சாமி காரியம். தாத்தாவுக்குக் கால் வலி, கேட்டாண்டயே நிக்கிறாருன்னு சொல்லிக்கிறேன்” என்றார். ஆண்டவனைப் பாடுவதற்காக அவர் வாயில் ஒரு பொய்யை வைத்தேன். பதிவேட்டையும் வாசலுக்கே கொண்டுவந்தார்.

அந்த நாட்களில் வீட்டுக்கு வந்ததும் குழலி மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு அழுவாள். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அழுதாள். நான் அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுக் கோயிலுக்குப் புறப்பட்டேன். கடைசிப் படம் எடுக்கப்படாமல் அட்டையிலேயே நிற்கிறதென்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடந்த கார்த்திகை மாதப் பிரதோஷத்தன்று மலர் அலங்காரத்துக்காக, பள்ளிக்குப் போவதற்கு முன்பே கோயிலுக்குப் போனேன். பாடத் தொடங்கியவன் நேரத்தை மறந்தேன். வெளியே வந்து பையைத் திறந்தால் கைப்பேசியில் எடுக்கப்படாத அழைப்புகள் வரிசையாக இருந்தன. கையிலிருக்கும்போதே மறுபடி மணியடித்தது.

“சாமி, கொயந்த உங்ககிட்ட வந்துடுச்சா?”

வழக்கம்போல முனுசாமி அவளை வாசலுக்கு அழைத்து வந்திருக்கிறார். நான் இல்லை. பள்ளி வேன் ஹாரன் அடிக்க, இரண்டு கதவையும் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவளும் இல்லை.

ஓசூர் ரோட்டின் போக்குவரத்தை நீங்கள் அறிவீர்கள். அந்தச் சாலை ஓரத்தில் ஓட்டமும் நடையுமாகத் தேடினேன். அலுவலகத்திலிருந்து வந்த என் மகள் என்னைப் பார்த்து, “உங்க சாமிக்கு உங்களை விட்டா வேற ஆளே கிடைக்கலியாப்பா?” என்றாள். சொல்லிவிட்டு எதிர்த் திசையில் தேடப் போனாள். ஆசிரியைகள் ஒரு பக்கமும், சைக்கிளில் முனுசாமி ஒரு பக்கமும் போயிருந்தார்கள்.

ஒரு பேருந்து நிறுத்தத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேண்டினேன். ஐம்பது ஆண்டுகளாகப் பாடிய வாய். அன்று ஒரு வரியும் எழவில்லை. “அவளைக் கொடு. அதற்குப் பிறகு நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்.” இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அழுதேன்.

இருட்டுவதற்குச் சற்று முன் முனுசாமியிடமிருந்து அழைப்பு வந்தது. “கிடச்சிட்டா சாமி. நல்லா இருக்குது. அடுகோடியில, லேத் பட்டறையில.”

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது குழலி ஒரு ஸ்டூலில் அமர்ந்து, சுழலும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரத்தில் இரும்பு எதுவும் பூட்டப்படவில்லை. வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரரான பாய் அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நிறுத்தினா இந்தப் பச்சி, சின்னப் பொண்ணு, அழுவுது பெரியவரே” என்றார். “கழுத்துல இருந்த கார்டு நம்பருக்குப் போட்டேன், ஸ்கூல்ல யாரும் எடுக்கல. வேலைய ஓரமா வச்சிட்டு மிசினை சும்மா ஓட்டிகினே இருக்கேன். பயந்துகினு ரோட்டுக்கு ஓடிட்டா என்னா பண்றது?”

ஒரு மணி நேரத்துக்கு மேலாக, பெயர் தெரியாத ஒரு பிள்ளைக்காக அவர் அப்படி நின்றிருக்கிறார். கோயிலில் தீபாராதனை நடக்கும் வேளை அது. நான் அந்த எண்ணெய்த் தரையில் நின்று கைகூப்பினேன். அவர் பதறி என் கைகளைப் பிடித்து இறக்கினார்.

கேட்டது கிடைத்துவிட்டது. நான் கொடுத்த வாக்கு பாக்கி இருந்தது.

மறுநாள் காலை தலைமையாசிரியை எங்களை அழைத்தார். போகும் வழியில் ஆட்டோவில் என் மகள் சொன்னாள்: “அப்பா, நீங்க வாயத் திறக்காதீங்க. ரூல்ஸ மீறினா டிசிதான்னு சேர்க்கும்போதே கையெழுத்து வாங்கியிருக்காங்க. இவள எங்க கொண்டு சேர்ப்பேன்?”

அறையில் முனுசாமி நின்றுகொண்டிருந்தார். “தப்பு என்னுதுதான் மேடம். நானாத்தான் கூட்டினு வந்தேன்” என்றார். என் பெயரை எடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நான் பேசாமலிருந்தால் பேத்தியின் இடம் தப்பும். அவர் பிழைப்புப் போகும். பேசினால் குழலி வீட்டோடு முடங்கலாம். முந்தின நாள் கேட்டதைவிட அழுத்தமாக அப்போது இறைவனைக் கேட்டேன்: “எனக்கு வாயைக் கொடு.”

கொடுத்தான். எல்லாவற்றையும் சொன்னேன், பொய்யை, பிரதோஷத்தை, அவள் மணிக்கட்டை. என் மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

தலைமையாசிரியை மேசையிலிருந்த குழலியின் கோப்பைத் திறந்து பார்த்தார். பிறகு, “மாசத்துக்கு ரெண்டு நாள் மட்டும் அவ ஏன் சாயங்காலம் வீட்டுல உடைஞ்சு போறான்னு நாங்க ஆறு மாசமா மண்டைய ஒடைச்சுக்கிறோம் சார்” என்றார். “டாக்டர் மருந்தைக் கூட்டலாம்னு எழுதியிருக்கார். இத நீங்க சொல்லலேன்னா கூட்டியிருப்போம்.” குழலியை வெளியே அனுப்பவில்லை. இனி ஒரு நிமிடமும் விதி பிசகக்கூடாதென்று எழுதி வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து பிரதோஷத்தன்று நான் பாடுவதில்லை. வேறொருவர் பாடுகிறார், நன்றாகவே பாடுகிறார். அந்த வேளையில் நான் வகுப்பு வாசலில் நிற்கிறேன். குழலி பிரதோஷ மாலைகளில் அழுவது நின்றது. எழுத்து இன்னும் வரவில்லை. மற்ற நாட்களில் கோபம் வருகிறது. அவள் எதிர்காலம் எனக்குத் தெரியவில்லை.

முனுசாமியைக் காவலர் நிறுவனம் அங்கே நீடிக்க விடவில்லை. நான் நேரில் போய் மன்றாடியும் பயனில்லை. அத்திபெலேயில் ஒரு கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன், மன்னிப்புக் கேட்டேன். “விடு சாமி. இங்க வெறும் பெட்டிங்கதான், எதுவும் ஓடிப்போவாது” என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தக் கடன் என் மேல் இருக்கிறது.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படியொரு பிள்ளை இருக்கலாம். யாரிடமும் சொல்லாமல் நீங்கள் அழுதுகொண்டிருக்கலாம். தயங்காமல் இறைவனைக் கேளுங்கள். நான் தகுதியற்றவனாக நின்று கேட்டபோதும் அவன் கொடுத்தான். கொடுத்தபின் உங்களிடமும் ஒன்று கேட்பான். அது உங்களுக்கு மிகவும் பிடித்ததாகவே இருக்கும். மறுக்காமல் கொடுத்துவிடுங்கள்.