அரிசி டிரம்முக்குள் ஆறு பாட்டில்

கல்யாணமான மாதமே நாசிக்கில் ஒரே சிவப்பு வைனில் ஆறு பாட்டில் வாங்கினோம். ஒவ்வொரு கல்யாண நாளிலும் ஒன்றைத் திறந்து, பாட்டிலுக்குள் அதற்கு எப்படி வயதாகிறது என்று சேர்ந்து ருசிபார்ப்பது திட்டம். யோசனை என்னுடையது. ஹோட்டல் படிப்பில் பாதி நாளை வைனைப் பற்றிப் படித்தே கழித்தவன் நான்.

வைனுக்கு இருட்டு வேண்டும், குளிர்ச்சி வேண்டும், அசைவு கூடாது. நாங்கள் இருப்பதோ போர்ட் பிளேர் விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில். விமானம் இறங்கினால் ஜன்னல் அதிரும். கரண்ட் போனால் ஏசியும் போச்சு.

"ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் பாட்டில கட்டிப் புடிச்சிட்டு நில்லுங்க, பஸ், அவ்ளோதான்" என்றாள் மனைவி. தீவிலேயே பிறந்தவள், அவள் தமிழுக்குள் இந்தி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கப்பல் தாமதமானால் இருக்கட்டுமென்று அவர்கள் வீட்டில் எப்போதும் பெரிய தகர டிரம் நிறைய அரிசி வைத்திருப்பார்களாம். எங்கள் வீட்டிலும் அதே பழக்கம். அந்த அரிசிக்குள் பாட்டில்களைப் படுக்க வைத்தோம்.

முதல் வருடம் வைன் கத்தரிக்காய்த் தோலின் நிறம். நாவல்பழம் தின்றதுபோல் நாக்கை இழுத்துப் பிடித்தது. "அரே, பல்லெல்லாம் கூசுது!" என்று முகம் சுளித்தாள். அடுத்த வருடம் துவர்ப்பு தளர்ந்தது. மூன்றாம் வருடம், நிறம் தெளிவாகத் தெரிய என் வெள்ளைக் கல்யாண வேட்டியை மேஜையில் விரித்து அதன்மேல் கிளாஸைச் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் செங்கல் நிறம். நான் முகர்ந்து முகர்ந்து வார்த்தை தேடிக்கொண்டிருக்க, அவள் "கிறிஸ்மஸ் கேக்" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டாள். நான்காம் வருடத்தில் துவர்ப்பு பட்டாகிவிட்டது. அன்று பாட்டில் காலியானதே தெரியவில்லை.

ஐந்தாவது கல்யாண நாள் நெருங்கியபோது அவளுக்கு ஆறு மாதம். இந்த வருடம் திறக்க வேண்டாம், குழந்தை பிறந்து அவளும் குடிக்க முடிகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தோம். அதற்குள் அரிசியில் வண்டு வந்தது. வெயிலில் வைக்கச் சொன்னாள். டிரம்மை அப்படியே முற்றத்துக்கு இழுத்துப் போட்டேன். உள்ளே பாட்டில் இருப்பது இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பாட்டில். கார்க் லேசாக மேலே வந்திருந்தது. கழுத்தைச் சுற்றி அரிசி சிவப்பாக ஒட்டியிருந்தது.

"நம்ம ரெண்டு பேரும் சேந்து குடிக்கணும்னு வெச்சிருந்தோமேங்க…"

மிச்சமிருந்த இன்னொன்று எங்களுக்காகக் காத்திருக்குமா? தெரிந்துகொள்ள ஒரே வழி, கசிந்ததைத் திறப்பதுதான். கல்யாண நாளன்று மத்தியானம் திறந்தேன். வேட்டியின் மேல் கிளாஸைச் சாய்த்தேன். ஓரம் பழுப்பாகியிருந்தது. பழம் வெந்து ஜாமாகிவிட்டது. கடைசியில் ஒரு புளிப்பு. அவள் கிளாஸை வாங்கி முகர்ந்தாள்.

"கருப்பட்டி. நல்லாத்தானே இருக்கு?"

"ம்… பரவால்ல."

"எனக்காகச் சொல்லாதீங்க. சச் போலோ, உண்மையச் சொல்லுங்க."

"இது முடிஞ்சுபோச்சும்மா. இன்னொண்ணுல கார்க் அசையல, ஒரு அரிசிகூட செவக்கல. தாங்கினாலும் தாங்கும். உறுதியாச் சொல்ல முடியாது."

"தாங்கலேன்னா?"

"வினிகர்தான்."

"அப்ப மீன் ஊறுகா போட்டுருவோம். அதையும் ஒண்ணா உக்காந்துதான் தின்போம்."

அவள் கையிலிருந்த கிளாஸை வாங்கி மேஜையில் வைத்தேன்.

டிரம்மை வீட்டிலேயே குளிர்ச்சியான மூலைக்குத் தள்ளினேன். கடைசிப் பாட்டிலைப் படுக்க வைத்து, அவளே இரண்டு கையாலும் அரிசியை அள்ளி மூடினாள். "இனிமே வண்டு வந்தா, அதுவும் சாப்ட்டுப் போகட்டும்."

அப்போது ஒரு விமானம் இறங்கியது. ஜன்னல் அதிர்ந்தது. வயிறு இடித்துக்கொண்டு கை முழுதாக எட்டாவிட்டாலும், அவள் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சத்தம் ஓய்ந்த பிறகும் விடவில்லை.