சாவியைத் திருப்பி வாங்கினேன்

எஹலியகொடையில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த இரண்டாம் வருடம், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைப் பட்டப்பகலில் உடைத்து நகைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். கத்தாரில் வேலை செய்யும் என் கணவருக்கு அதைக் கேட்டதிலிருந்து நிம்மதி இல்லை. நான் ஆசிரியை. காலையில் நானும் மகளும் பாடசாலைக்குப் போனால் இரண்டு மணி வரை வீடு பூட்டிக் கிடக்கும். அதனால் கொழும்புக் கம்பெனி ஒன்றிடம் மாதக் கட்டணத்துக்கு அலாரம் பொருத்த ஏற்பாடு செய்தார்.

கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த படிவத்தில், அலாரம் அடிக்கும்போது நான் போனை எடுக்காவிட்டால் வேறு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டிருந்தது. எதிர்வீட்டு அண்ணனின் நம்பரைக் கொடுத்தேன். தோட்டத்து ரப்பர் ஃபெக்டரியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பிள்ளைகள் வத்தளைப் பக்கம் போய்விட்டார்கள். அவரும் மனைவியும்தான் வீட்டில். கேட்டபோது, "அதுக்கென்ன தங்கச்சி, நான் சும்மாதானே இருக்கேன்" என்றார். ஒரு சாவியையும், அலாரத்தை நிறுத்தும் எண்ணையும் கொடுத்தேன்.

அந்த அலாரம் திருடனுக்காக ஒருநாளும் அடித்ததில்லை. இடி இடித்தால் அடிக்கும். கரண்ட் போய் வந்தால் அடிக்கும். சென்சரின் மேல் பல்லி ஊர்ந்தாலும் அடிக்கும். வகுப்பு நேரத்தில் என் போன் ஆசிரியர் அறை அலுமாரியில் இருப்பதால் கம்பெனியிலிருந்து அவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் வெறும் சாரத்தோடு இருப்பவர், சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டுதான் வருவார். வீட்டைச் சுற்றி வந்து, உள்ளே அறை அறையாகப் பார்த்து, கம்பெனிக்குச் சிங்களத்தில் விபரம் சொல்லிவிட்டு, பிறகு என் இடைவேளை நேரத்தில் எனக்குப் போன் எடுப்பார்.

"ஒன்னும் இல்லைங்க தங்கச்சி, பல்லிதான். குசினி ஜன்னல் கொக்கி லூசா இருந்துச்சு, முறுக்கி விட்டிருக்கேன்."

மழை இருட்டிக்கொண்டு வந்தால் கொடியில் காயும் உடுப்புகளையும் எடுத்து உள்ளே போட்டுவிட்டுப் போவார். நாலு வருடம் இப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கூச்சமாக இருக்கும். "ஒங்களுக்குத் தொந்தரவு அண்ணே" என்று சொல்லிச் சொல்லியே, அது அவருக்குத் தொந்தரவுதான் என்று நானே நம்பிவிட்டேன்.

கட்டணத்தைக் கூட்டப்போவதாகக் கம்பெனி அறிவித்தபோது, இதையெல்லாம் நாமே செய்துகொண்டால் என்ன என்று தோன்றியது. ஒரு லீவு முழுக்க வீடியோக்களைப் பார்த்தேன். கதவுக்கும் ஜன்னலுக்கும் சிறிய சென்சர்கள், முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு கெமராக்கள், ஒரு சைரன், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் சின்னப் பெட்டி ஒன்று என்று இணையத்தில் வரவழைத்தேன். மகள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நானே சுவரில் துளை போட்டேன். பின்பக்கம் வைஃபை எட்டவில்லை. ரவுட்டரை மூன்று இடத்துக்கு மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஆசிரியர் அறையில் இருந்துகொண்டே என் வீட்டு வாசலைப் போனில் பார்த்த அன்று எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கெமரா வழியாகப் பேசக்கூட முடிந்தது.

நான் பார்த்த வீடியோ ஒன்றில், உங்கள் வீட்டுச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், தேவையில்லாதவற்றைத் திருப்பி வாங்குங்கள் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மறுநாள் எதிர்வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, கம்பெனியை நிறுத்திட்டேன். இனிமே எல்லாம் என் போனுக்கே வந்துரும். ஒங்களுக்கு அலைச்சல் இல்லை. அந்தச் சாவியை மட்டும் தாங்க."

அவர் உள்ளே போய் எடுத்துவந்து, சாரத்தில் துடைத்துக் கொடுத்தார். "அப்ப இனிமே போன் வராது" என்றார். நான் சிரித்துக்கொண்டே வராது என்றேன்.

ஐப்பசி மழைக்காலம். ஒருநாள் பதினொரு மணிக்கு, பாடம் இல்லாத நேரத்தில் ஆசிரியர் அறையில் இருந்தேன். பின்வாசலில் ஆள் நடமாட்டம் என்று போன் அதிர்ந்தது. திறந்து பார்த்தேன். கொட்டுகிற மழையில், தலையிலிருந்து முதுகு வரை உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு ஆள் என் வீட்டின் பின்னால் குனிந்து நின்றான். முகம் தெரியவில்லை. பேசும் பொத்தானை அழுத்தி, "டேய், யார்ரா அது? பொலிசுக்குச் சொல்லிட்டேன். வெளிய போடா" என்று கத்தினேன். அதோடு சைரனையும் போட்டேன்.

அந்த உருவம் திடுக்கிட்டு நிமிர்ந்தது. உரப்பை சரிந்து விழுந்தது. எதிர்வீட்டு அண்ணன். கையில், கொடியிலிருந்து எடுத்த என் மகளின் வெள்ளைச் சீருடை.

சைரனை நிறுத்தத் தேடினேன். பதற்றத்தில் பொத்தான் அகப்படவில்லை. அதற்குள் ரோட்டில் ஆட்கள் கூடிவிட்டார்கள். தெருமுனைக் கடைக்காரர் கேட்டடியில் நின்று, "ஹொரெக்த?" என்று, திருடனா என்று, சிங்களத்தில் கேட்பது கெமராவில் கேட்டது. அண்ணன் உடுப்புகளைத் தாழ்வாரத்து நாற்காலியில் வைத்துவிட்டு, கெமராவைப் பார்க்காமல், மழைக்குள் இறங்கிப் போனார். சைரன் அப்போதும் அடித்துக்கொண்டிருந்தது.

பின்னேரம் போய் நின்றேன்.

"அண்ணே, நீங்கன்னு தெரியலை. மன்னிச்சுக்குங்க."

"நீங்க செஞ்சது சரிதான் டீச்சர்" என்றார். "கேக்காம உள்ள வந்தது என் பிழை."

அதற்கு முன் அவர் என்னை டீச்சர் என்று அழைத்ததில்லை. தேத்தண்ணீர் தந்தார்கள், குடித்தேன். அவர் டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசல்வரை என்னோடு வந்த அவர் மனைவி மெல்லிய குரலில் சொன்னார்: "கொழும்புல இருந்து கூப்பிடுவாங்கன்னு குளிக்கப் போனாலும் போனை என் கையில குடுத்துட்டுத்தான் போவாரு. நான்கூடக் கேலி பண்ணுவேன், ஓய்வு எடுத்த மனுசனுக்கு மறுபடி டியூட்டின்னு."

அந்தப் பதிவு முப்பது நாட்கள் என் போனில் இருந்தது. பலமுறை பார்த்தேன். முதலில் சீருடையை எடுத்து உரப்பைக்குள், தன் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். அதன் பிறகுதான் மற்றவற்றுக்குக் கையை நீட்டுகிறார். மகள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதை அழிச்சிடுங்கம்மா" என்றாள். என்னால் முடியவில்லை. தவணை முடிந்து அதுவாகவே போய்விட்டது.

ஒருமுறை, அந்த ஆப்பை அவருடைய போனிலும் போட்டுத் தருகிறேன், நான் எடுக்காவிட்டால் நீங்கள் பார்க்கலாம் என்று கேட்டேன். "எனக்கு இதெல்லாம் வெளங்காது டீச்சர்" என்றார். இயந்திரங்களோடு முப்பது வருடம் வாழ்ந்தவர்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு காலை அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. கடைக்காரர்தான் முச்சக்கரவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். நான் அந்த நேரம் வீட்டில்தான் இருந்தேன், முன்வாசலைக் கழுவிக்கொண்டு. வண்டி போனதைக்கூடப் பார்த்தேன். பிள்ளைகளைப் பார்க்க வத்தளைக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துக் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனபோதுதான் கடையில் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவியின் கையைப் பிடித்து, "ஏன்க்கா என்னைக் கூப்பிடலை?" என்று கேட்டேன்.

"அவசரத்துல கடைக்காரர் இருந்தாரு டீச்சர்" என்றார். அதில் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அண்ணன் கட்டிலில் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாரா என்று தெரியவில்லை. கொண்டுபோன தோடம்பழங்களை மேசையில் வைத்துவிட்டு, பார்வையாளர் நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்து வந்தேன். அடுத்த வாரம் அவர் வீடு திரும்பினார். என்னை மட்டும் அவர்கள் எதற்கும் கூப்பிடுவதில்லை.