கானாங்கத்தை வயிற்றில் கண்டது

எழுதிப் பழக்கமில்லாத கை என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொன்னாலும், ஒன்றையே இரண்டு தரம் சொன்னாலும் பொறுத்துக்கொண்டு படியுங்கள். வருஷக் கணக்கெல்லாம் மறந்துபோகிறது. நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசியவளும் இல்லை நான். அந்தக் கூச்சத்தால் ஒருத்தியின் பிழைப்பு போனது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊருக்குக் கருவாடு விற்க வரும் கருவாட்டம்மாவை நினைத்தால் முதலில் அவள் கட்டைவிரல்தான் கண்ணில் நிற்கிறது. கருவாட்டின் வயிற்றில் அந்த நகத்தை வைத்து ஒரு கீறு கீறித் திறந்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, "புழு இல்ல, பூச்சி இல்ல, நீயே பாத்துக்கோ" என்று நம் முகத்துக்கு நேரே நீட்டுவாள். அதற்குப் பிறகுதான் இலையில் மடித்துத் தருவாள். செங்கத்திலிருந்து காலை பஸ்ஸில் ஏறி, மலை மேலே வந்து இறங்கி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடப்பாள். ஜவ்வாது மலையில் பிறந்து இங்கேயே கிழவியான நான் கடலைப் பார்த்ததில்லை. அவள் கூடையில் வந்த நெத்திலியும் கானாங்கத்தையும்தான் நான் கண்ட கடல். பிள்ளை பெற்ற வீட்டுக்கு மட்டும், சொல்லி வைத்தால், பால்சுறாக் கருவாடு தனியாகக் கொண்டு வருவாள். தாய்க்குப் பால் ஊறுவதற்கு அதைக் குழம்பு வைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், "இன்னா கருவாட்டம்மா, ஊர் நாயெல்லாம் உன் பின்னாலயே ஊர்வலம் வருது?" என்று கேலி செய்தாள். "நல்ல சரக்கு நாய்க்குத் தெரியுது, உனுக்குத் தெரியலியே" என்றாள் அவள், நின்றுகூடப் பார்க்காமல்.

சில வருஷங்களுக்கு முன் என் மருமகள் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். பால் சரியாக இறங்கவில்லை. குழந்தை அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது. நான் சொல்லியிருந்தபடி கருவாட்டம்மா பால்சுறா கொண்டு வந்தாள். அடுப்பில் குழம்பு கொதிக்கத் தொடங்கியிருந்தது. மற்றவர்களுக்கு என்று வாங்கிய கானாங்கத்தையைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, வாசலில் உட்கார்ந்து எனக்காக அவளே குடலைச் சுத்தம் செய்து கொடுத்தாள். ஒரு மீனின் வயிற்றிலிருந்து நீல நூல் ஒன்று வந்தது. குடல் என்று நினைத்து இழுத்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அதன் முனையில் சுருண்டிருந்த ஒரு துண்டைப் புடவையில் துடைத்து விரித்தாள். நகத்தளவு வெள்ளிக் காகிதம், ஓரத்தில் கொஞ்சம் பச்சை. கையால் கிழித்தால் கிழியவில்லை. ஓடையில் குளித்துவிட்டு நாங்கள் எல்லோரும் கிழித்துப் போடுகிறோமே, ஷாம்பு பாக்கெட், அதே போல.

"யக்கா, இது இன்னான்னு பாரு" என்றாள். எழுந்துபோய் அடுப்பிலிருந்த குழம்பைத் தானே இறக்கினாள். "கண்ணுக்குத் தெரிஞ்சது இது. தெரியாதது எவ்ளோ கீதோ. பச்ச ஒடம்புக்காரிக்கு இத எப்படிக்கா குடுக்கறது? எனுக்கு மனசு வர்ல." அன்றைக்கு விற்கக் கொண்டுவந்த கூடையை வேறு வீட்டில் இறக்காமல் அப்படியே திரும்பிப் போனாள். நான் முருங்கைக் கீரையும் பூண்டும் கொடுத்தேன். இரண்டு நாளில் பால் வந்தது.

அடுத்த முறை வந்தபோது அவள் கருவாட்டைப் பற்றிப் பேசவில்லை. "உங்க ஓடத் தண்ணி எங்கக்கா போவுது?" என்று கேட்டாள். மலை இறங்கி, செய்யாற்றில் சேர்ந்து, பாலாற்றில் கலந்து கடலுக்குப் போகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "மல மேல போட்ட கவரு கடலுக்கு பஸ் புடிச்சிப் போச்சாக்கும்?" "உங்க ஊருக்கு பஸ்ஸு தான் வர்றதில்ல. தண்ணி தெனம் போவுதே" என்றாள் கருவாட்டம்மா.

அப்போதுதான் நான் பார்த்ததை அவளிடம் சொன்னேன். அருவி பார்க்க வருகிறவர்களின் வண்டிகளை நிறுத்த ஒருவர் குத்தகை எடுத்திருந்தார். குப்பை அள்ளுவதும் அவர் பொறுப்பு. விறகுக்குப் போனபோது இரண்டு தடவை என் கண்ணால் கண்டேன். தண்ணீர் பாட்டில், டீ கப், பிரியாணி வாங்கிவந்த கவர், எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றிவந்து அருவிக்குக் கீழே ஓடைக்குள் கொட்டினார்கள். மழை வந்தால் ஒரே ராத்திரியில் இடம் துடைத்துவிட்டது போல ஆகிவிடும்.

கோயில் முன்னால் ஊர்க் கூட்டம் நடந்த அன்று அவள் கூடையோடு வந்து நின்றாள். குத்தகைக்காரரும் இருந்தார். "அண்ணே, நீங்க ஓடையில தள்ற குப்ப மீன் வயித்துல கீது. அத நாங்க விக்கிறோம், இவங்க புள்ளத்தாச்சிங்க துன்றாங்க. நிறுத்துங்கண்ணே" என்றாள். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "கேட்டுக்குங்கப்பா. கருவாட்டுல பிளாஸ்டிக் கீதுன்னு விக்கிறவளே சொல்றா. இனிமே யாராவது வாங்குவீங்களா?" கூட்டம் சிரித்தது. "நான் தள்றத யார் பாத்தாங்க? பாத்தவங்க முன்ன வந்து சொல்லட்டும்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன். குழந்தையின் சட்டையைச் சரிசெய்வது போலத் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அதன்பின் இரண்டு வாரம் வந்தாள். ஒருவரும் வாங்கவில்லை. மூன்றாவது வாரம் வரவில்லை. எங்கே போனாள், எப்படிப் பிழைக்கிறாள், எனக்குத் தெரியாது.

போன மாதம் அங்கன்வாடியில் நர்சம்மா தாய்மார்களைக் கூப்பிட்டுப் பேசினார். பிளாஸ்டிக் கடலில் உடைந்து உடைந்து கண்ணுக்குத் தெரியாத பொடியாகிறதாம். மீனிலும் நண்டிலும் இருக்கிறதாம், உப்பில் இருக்கிறதாம், மனிதர் ரத்தத்திலும் தாய்ப்பாலிலும்கூடப் பார்த்திருக்கிறார்களாம். "இன்னா கெடுதல் பண்ணும்னு முழுசா இன்னும் கண்டுபிடிக்கலம்மா. ஆராய்ச்சி பண்ணிகினு கீறாங்க. மீன் சத்துதான், நிறுத்தாதீங்க. குடல எடுத்துட்டு, நல்லா கழுவித் துன்னுங்க" என்றார். நல்ல பெண், தெரிந்ததைத் தெரிந்தவரை சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு உடம்பு எரிந்தது. கழுவு, குடலை எடு, பார்த்துச் சாப்பிடு என்று எல்லாப் புத்தியும் பிள்ளை பெற்றவளுக்கு. பொடிநெத்திலியின் குடலை எந்த நகத்தால் எடுப்பது? அதைத் தலையோடு வாலோடுதானே தின்கிறோம். கொட்டுகிறவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வார்த்தை சொல்ல இந்த மலையில் ஆள் இல்லையா? அருவிக்குப் போகும் வழியில் பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று ஒரு பேனர் கட்டியிருக்கிறார்கள். அதுவே பிளாஸ்டிக் பேனர். அதில் கை கூப்பி நிற்கிறவர் அந்தக் குத்தகைக்காரர். காற்றில் ஒரு மூலை கிழிந்து, கிழிந்த துண்டு ஓடைப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

நானும் யோக்கியம் இல்லை. பாக்கெட் கிழித்துப் போட்டவள்தான் நானும். பார்த்ததைச் சொல்லாமல் நின்றவளும் நான்தான். கூட்டத்தில் அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்: நான் பார்த்தேன். டிராக்டரைப் பார்த்தேன், அவர் பக்கத்தில் நின்று கைகாட்டியதையும் பார்த்தேன். யார் கேட்டாலும் சொல்கிறேன்.

ஆற்றின் பெயரை நான் தப்பாக எழுதியிருக்கலாம். நர்சம்மா சொன்னதில் ஏதாவது விட்டிருக்கலாம். படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். ஓடை விஷயத்தையும் நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம், நேரில் வந்து பாருங்கள். அருவிக்குக் கீழே, பாதை முடிகிற இடத்தில், இடது கைப் பக்கம். வருகிறவர்கள் மழைக்கு முன்னால் வாருங்கள். மழை பெய்துவிட்டால் நான் சொன்னது பொய் என்றாகிவிடும்.